ஆறு தடவை பிடித்தால்தான் அட்மிஷன்

அத்திக்காட்டுப்புதூர்க்காரர்கள் கோழித் தீவனம் கலக்கும் அளவுக்குத்தான் மூளையைச் செலவழிப்பார்கள். மீதியைத் தொடுவதில்லை. புதுசாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த ஊரில் கோழிப்பண்ணை வைத்திருந்த சென்னியப்பனுக்கு ஒரே மகள், இளவேனில். ஐந்தாம் வகுப்பு முடித்தவள். அவளால்தான் அந்தக் குடும்பத்துக்குள் ரக்பி லீக் நுழைந்தது.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவள் சித்தி பூங்கொடி பொங்கலுக்கு வந்தபோது முட்டை வடிவத்தில் ஒரு பந்தைக் கொண்டுவந்தாள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும், எதிரணிக்காரர்கள் மேலே விழுந்து பிடிப்பார்கள், அதுதான் ஆட்டம். சித்தி ஊருக்குத் திரும்புவதற்குள் இளவேனில் சோளக்காடு முழுக்க விழுந்து எழுந்துவிட்டாள். இனி இதுதான் என் விளையாட்டு என்று சொல்லியும் விட்டாள். சென்னியப்பன் அந்தப் பந்தை ரொம்ப நேரம் பார்த்தார். எந்தக் கோழி இட்டதோ, என்ன பாடு பட்டதோ என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

அம்மா சரசு நிபந்தனை போட்டாள். "வெளையாடட்டும். ஆனாப் படிப்புலயும் கெட்டியான பள்ளிக்கூடமா இருக்கோணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டும் ஒரே எடத்துல கெடைக்கலீன்னா, ஹாஸ்டல்ல கொண்டுபோய்ச் சேத்திருவேன். அப்புறம் பந்துமில்ல, கிந்துமில்ல."

சென்னியப்பன் பூங்கொடிக்குப் போன் போட்டார். அவள் பொறுமையாகச் சொன்னாள். "மாமா, வாசல்ல இருக்கற போர்டப் பாக்காதீங்க, உள்ள போய்ப் பாருங்க. ஆட்டத்தோட விதியையும் தெரிஞ்சுக்கங்க. கையில இருக்கறத முன்னாடி நிக்கறவங்ககிட்டக் கொடுக்கவே கூடாது, பின்னாடிதான் கொடுக்கோணும். ஆறு தடவ புடிபட்டா எதிர்த்தரப்புகிட்ட ஒப்படைச்சரோணும்."

சென்னியப்பன் இதை மனப்பாடம் செய்தார். அண்ணன் நாச்சிமுத்துவுக்கும் மைத்துனன் காளியண்ணனுக்கும் ஒப்பித்தார். மூவரும் பள்ளி தேடிக் கிளம்பினார்கள்.

டவுனுக்குள் நுழைந்ததும் நாச்சிமுத்து வண்டியை நிறுத்தச் சொன்னார். "போர்டப் பாக்கக் கூடாதுன்னா, கண்ணு தெறந்திருந்தா எப்படிடா பாக்காம இருக்கறது?"

நியாயமான கேள்வி. மூவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, சத்தம் வந்த பெரிய வாசலுக்குள் நுழைந்தார்கள். உள்ளே போய்த் துண்டை அவிழ்த்தால், ஒரு கூடத்தில் நூற்றுக்கணக்கான பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒருவர் நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். உட்கார்ந்தவர் எழுந்ததும் நாலு பேர் அந்த நாற்காலி மேல் விழுந்தார்கள்.

"ரக்பி இருக்குது," என்றார் சென்னியப்பன், குரல் தழுதழுக்க.

காளியண்ணன் பட்டுவேட்டிக்காரர் ஒருவரை மடக்கினார். "ஏனுங்க, இங்க எத்தன பேர் தேறுவாங்க?"

"எல்லாருந்தானுங்க. நம்ம வீட்டு விசேசத்துல ஒருத்தர்கூடச் சாப்புடாமப் போனதில்லீங்க!"

நூற்றுக்கு நூறு தேர்ச்சி. சேர்க்கைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோதுதான் கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் அவர்களைக் கைப்பிடித்து வாசலில் விட்டுவிட்டு வந்தார். சாப்பாடு நன்றாக இருந்தது என்பதை மூவருமே ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் போன இடம் நிஜமாகவே பள்ளி. ஊரெல்லாம் பேர்போன விடுதிப் பள்ளி. நீளநீளமான கட்டடங்கள், உள்ளே வரிசை வரிசையாகப் பிள்ளைகள், தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்துவுக்குச் சொந்த வீட்டுக்கு வந்தது போல இருந்தது.

"வெளிச்சம் எவ்வளவு நேரம் போடுவீங்க?" என்று தாளாளரைக் கேட்டார்.

"காலைல அஞ்சுலருந்து ராத்திரி பதினொண்ணு வரைக்குமுங்க."

"நாங்க பதினாறு மணி நேரந்தான் போடறோமுங்க. அதுக்கே முட்டை நல்லா விழுகுது. வெளிய மேய விடறதுண்டுங்களா?"

"விட்டா மார்க் கொறஞ்சிருமுங்க."

"அதேதானுங்க! விட்டா எட கொறஞ்சிரும். அப்புறம், ஒண்ண ஒண்ணு கொத்திக்காம இருக்க மூக்கு வெட்டிருவீங்களா?"

தாளாளர் நின்று யோசித்தார். "அது இதுவரைக்கும் தோணலீங்களே," என்றார்.

ஒரே தொழில்காரர்களாக இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ரக்பி மட்டும் இல்லை. மைதானம் இருந்த இடத்தில் இன்னொரு கட்டடம் எழும்பிவிட்டது. சென்னியப்பன் வீட்டுக்கு வந்து சொன்னதும் இளவேனில் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சோறு உண்ணாமல் படுத்துவிட்டாள். அவரும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். முட்டாளுக்கும் மகள் அழுதால் வலிக்கத்தான் செய்யும்.

வெள்ளிக்கிழமை இளவேனிலும் கூடவே வந்தாள். அவள் கண்ணைக் கட்டிக்கொள்ள மறுத்துவிட்டதால் சரியான பள்ளி சீக்கிரமே கிடைத்தது. மைதானத்தில் பெண் பிள்ளைகள் முட்டைப்பந்தோடு உருண்டார்கள். வகுப்பறைச் சுவரில் முழங்கால் காயத்தோடு கணக்கில் முதல் வந்தவர்களின் படங்கள் தொங்கின. ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு இடம் பாக்கி. பன்னிரண்டு மணியோடு சேர்க்கை முடிகிறது. சென்னியப்பனுக்குப் பின்னால் வாசல் கேட் வரைக்கும் பெற்றோர் வரிசை.

தலைமையாசிரியை அறை வாசலில் வந்து நின்றார். "பாப்பாவ இப்பிடிக் குடுங்க, நாலு கேள்வி கேட்டுட்டுச் சேத்துக்கறேன்."

சென்னியப்பன் மகள் கையைப் பிடித்தபடி உறைந்துபோனார். டீச்சர் நிற்பது முன்னால். முன்னால் கொடுக்கவே கூடாது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு விதியை மீறுவதா? சட்டென்று திரும்பி, பின்னால் நின்ற நாச்சிமுத்துவிடம் மகளைக் கொடுத்தார்.

"அப்பா, நான் பந்து இல்லீங்கப்பா!"

"இல்லாம இருக்கலாஞ் சாமி. விதின்னு ஒண்ணு இருக்குதல்ல?"

நாச்சிமுத்து காளியண்ணனிடம் கொடுத்தார். காளியண்ணன் பின்னால் நின்ற வக்கீலிடம் கொடுத்தார். வக்கீல் ஒரு கணம் விழித்தார். பிறகு, முதலில் நிற்பவருக்குத் தெரியாதது நமக்கென்ன தெரியும் என்று, இளவேனிலோடு தன் மகனையும் சேர்த்துப் பின்னால் தள்ளினார். அவருக்குப் பின்னால் நின்ற டாக்டர் தன் பங்குக்கு இரட்டைப் பிள்ளைகளைச் சேர்த்தார். ஐந்தே நிமிடத்தில் வாசலில் பெற்றோர்கள் மட்டும் நின்றார்கள். பிள்ளைகளெல்லாம் ரோட்டில் நின்றார்கள்.

தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். "ஏனுங்க, உங்களுக்குச் சேக்கோணுமா, வேண்டாமா?"

"சேக்கோணுமுங்க!" சென்னியப்பன் கண் கலங்கிவிட்டது. ரோட்டுக்கு ஓடினார், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "உங்ககிட்ட ஒப்படைக்கறதுக்கு ஒரே வழிதானுங்க. நீங்க என்னைய ஆறு தடவ புடிக்கோணும்."

மணி பன்னிரண்டாக மூன்று நிமிடம். தலைமையாசிரியை மைதானத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். விளையாட்டு டீச்சர் ஓடி வந்தார், விஷயத்தைக் கேட்டார், விசிலைக் கழற்றி வைத்தார். எவ்வளவு காலமாகவோ ஏதாவது ஓர் அப்பாவை இப்படி ஒரு தடவை பிடித்து வீழ்த்தவேண்டும் என்று அவர் காத்திருந்தது போலத் தெரிந்தது.

ஆறு தடவை சென்னியப்பன் செம்மண்ணில் விழுந்தார். அப்பனுக்கு விழத் தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் உருண்டு எழுந்து அப்பாவையும் தூக்கி நிறுத்தினாள். ஆறாவது தடவை அவர் படுத்த வாக்கில் மகள் கையை டீச்சரிடம் நீட்டினார். பன்னிரண்டு அடித்தது. இளவேனில் ஆறாம் வகுப்புக்குள் ஓடினாள். சென்னியப்பன் எழுந்திருக்காமலே சிரித்தார். அப்படியொரு சந்தோஷத்தை அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

இடம் முடிந்துவிட்டது என்று சொல்லியும் வரிசை கலையவில்லை. வக்கீல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அடுத்து நானுங்க," என்று மைதானத்தில் இறங்கி நின்றார். அவருக்குப் பின்னால் டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் அந்த டவுனில் புதிதாகத் திறந்த பள்ளியொன்று தெருவெல்லாம் பேனர் கட்டியது: 'எங்களிடம் தந்தையர் ஏழு தடவை வீழ்த்தப்படுவார்கள். ஏசி வசதி உண்டு.' முதல் நாளே எல்லா இடமும் நிரம்பிவிட்டது.