மூன்றே மூன்று மனு

ஆலங்கரை போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு வருஷத்தில் வந்த மனுக்கள் மொத்தமே மூன்று. பக்கத்து ஸ்டேஷனில் முந்நூறு. இந்த அதிசயத்தை ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியை மெர்லின் வந்திறங்கினார். காரணம் தெரிந்தால் அதே முறையை மாவட்டம் முழுக்கக் கொண்டுவருவதாக ஏற்பாடு.

இன்ஸ்பெக்டர் ரத்தினபாண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

"என் பேரைக் கேட்டாலே திருட்டுப்பய ஊரைக் காலி பண்ணிருவான். அப்படியே எழுதிக்குங்க."

"அதுக்கு ஆதாரம் வேணுமே, சார்."

இன்ஸ்பெக்டர் வரவேற்பு மேஜைப் பக்கம் திரும்பினார். அங்கே கான்ஸ்டபிள் செண்பகவடிவு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, மத்தியானத்துக்குள்ள ஆதாரம் எடுத்து வை. எல்லாம் என்னாலதான்னு அதுல இருக்கணும். இல்லேன்னா நாளையிலருந்து உனக்கு நடுரோட்டுல டிராஃபிக் டூட்டிதான்."

செண்பகவடிவு உடனே எழுந்தாள். இரண்டு பதிவேடுகளைத் தூக்கிவந்து மெர்லின் முன்னால் விரித்தாள்.

"எல்லாம் ஐயாவாலதான் மேடம். சந்தேகமே இல்ல."

இன்ஸ்பெக்டர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

"இது மனுப் பதிவேடு. மூணு மனுவும் ஆடி மாசத்துல ஒரே வாரத்துல வந்திருக்கு. இது வருகைப் பதிவேடு. அந்த ஒரு வாரம்தான் ஐயா ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவுல போயிருந்தாங்க."

மீசையிலிருந்து கை மெல்ல இறங்கியது.

"மத்த நாள்ல ஜனங்க எங்கதான் போறாங்க?" என்று கேட்டார் மெர்லின்.

"வாசல் வரைக்கும் வருவாங்க மேடம். ஐயாவோட ஜீப் நிக்கிறதைப் பார்த்தா, அப்படியே பக்கத்து ஸ்டேஷனுக்கு பஸ் ஏறிருவாங்க."

மெர்லின் பேனா மூடியைக் கழற்றினார்.

"நீங்க சொன்னபடியே எழுதிடறேன், சார். எல்லாம் உங்களாலதான்."