தேவாங்கிடம் வசியம் கேட்ட கரடி

மலையடிவாரத்து இலுப்பைக் காட்டில் சடைச்சி என்றொரு கரடி இருந்தாள். அவளுக்கு ஒரே குட்டி. பெயர் உருண்டை. கரடிக் குட்டிகள் சின்ன வயதில் நடந்து போவது அபூர்வம். அம்மாவின் முதுகு மயிரை இறுகப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி சவாரிதான்! உருண்டையும் அப்படித்தான் காடு முழுக்கச் சுற்றி வந்தான்.

சடைச்சி தங்கமானவள். கறையான் புற்றைக் கிண்டுவதிலும் தேன் அடையைப் பிய்ப்பதிலும் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் பங்குனி பிறந்து இலுப்பை பூத்துவிட்டால் போச்சு! உதிர்ந்த பூ ஈரத்தில் கிடந்து புளித்து, கமகமவென்று மணக்கும். அதை மூக்கு முட்டத் தின்றுவிட்டு, ஒரு கால் கிழக்கே, ஒரு கால் மேற்கே என்று ஆடிக்கொண்டு வருவாள். கூடவே பாட்டு வேறு. அந்தப் பாட்டைக் கேட்ட காட்டுக்கோழிகள் பக்கத்து மலைக்கே குடிபோய்விட்டன!

ஒருநாள் அப்படி ஆடி வரும்போது முதுகிலிருந்த உருண்டை முள் புதரில் விழுந்துவிட்டான். சடைச்சிக்கு அது தெரியவே இல்லை. பாடிக்கொண்டே குகைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். விழித்தபோது எதிரே உருண்டை நின்றான். உடம்பெல்லாம் முள்.

"கூப்பிட்டேன்மா. நீ திரும்பியே பார்க்கல" என்றான்.

ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கும்போதும் சடைச்சிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "சீ! நானும் ஒரு தாயா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்று அந்திப்பொழுதிலேயே கிளம்பிப் போய்க் கண்ணாத்தாளைப் பார்த்தாள்.

கண்ணாத்தாள் ஒரு தேவாங்கு. ஆள் என்னவோ கைப்பிடி அளவுதான். கண்கள்தான் முகத்தில் பாதி! அந்தக் கண்ணை உற்றுப் பார்த்தவர் எவரானாலும் அப்படியே சொக்கிப் போவார்கள். அந்த மயக்கத்தில் அவள் சொல்வது மனசில் ஒட்டிக்கொள்ளும். மண் தின்னும் மானையும் வயிறு வெடிக்கத் தின்னும் பன்றியையும் அவள் அப்படித்தான் திருத்தினாள்.

"கண்ணாத்தாக்கா! எனக்கு இந்தப் பூப்பைத்தியம் போகணும். வசியம் பண்ணி விடுங்க!"

"பண்ணலாம். ஆனா ஒண்ணு, சடைச்சி. எதை விடணும்னு உன் வாயால நீயே சொல்லணும். நீ சொன்னதை மட்டும்தான் என் வசியத்தால கட்ட முடியும். சொல்லாததைக் கட்ட எனக்குத் தெரியாது. நல்லா யோசிச்சுச் சொல்லு!"

சடைச்சி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மனசின் ஒரு மூலையிலிருந்து பாறைக்குழி எட்டிப் பார்த்தது. இலுப்பைப் பூ மழைத்தண்ணீரில் ஊறி நுரைத்துக் கிடக்கும் குழி அது. 'அதை எதுக்குச் சொல்வானேன்? ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டுமே' என்று நினைத்துக்கொண்டாள். கள்ளி!

"மரத்தடியில விழுந்து கிடக்கிற பூவை இனித் தொட மாட்டேன்" என்றாள்.

கண்ணாத்தாள் கண்ணை அகல விரித்து, மெல்ல, மிக மெல்ல இப்படியும் அப்படியும் ஆடினாள். சடைச்சியின் தலையும் கூடவே ஆடியது. "மரத்தடிப் பூ உனக்கு இனி எட்டிக்காய்! கசப்பு! கசப்பு!" என்று சொல்லிக் கிளையை ஒரு தட்டுத் தட்டினாள். சடைச்சி விழித்துக்கொண்டாள்.

மறுநாள் மரத்தடியில் ஒரு பூவை எடுத்து வாயில் போட்டாள். த்தூ! எட்டிக்காயேதான்!

"அம்மா திருந்திட்டா!" என்று உருண்டை முதுகில் ஏறிக் குதித்தான்.

இது தவசிக்குப் பிடிக்கவில்லை. தவசி ஒரு மரநாய். பெயர்தான் தவசி, செய்வதெல்லாம் குடி. சடைச்சி மயங்கிக் கிடக்கும்போது அவள் பிய்த்து வைத்த தேன் அடையை நக்கியே உடம்பை வளர்த்தவன். அவள் தெளிவாக இருந்தால் அவன் பிழைப்பு என்ன ஆவது?

"என்னக்கா, முகம் வாடிக் கிடக்கு? பூவைத்தானே விட்டீங்க? பாறைக்குழித் தண்ணி என்ன பாவம் பண்ணிச்சு?" என்று பல்லை இளித்தான்.

"அதானே!" என்றாள் சடைச்சி. அவள் மனசில் ஏற்கெனவே இருந்ததைத்தான் அவன் சொன்னான். அன்று குழி காலி. மறுபடி ஆட்டம், மறுபடி பாட்டு!

தெளிந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுபடி கண்ணாத்தாளிடம் ஓடினாள். "குழித் தண்ணியும் வேண்டாம்" என்றாள்.

"அவ்வளவுதானா? வேற எதுவும் இல்லையே?" என்று தேவாங்கு கண்ணைச் சுருக்கிக் கேட்டாள்.

காட்டோரத்துப் பனைமரமும் அதில் தொங்கும் கள் பானைகளும் சடைச்சிக்கு ஞாபகம் வராமலா இருக்கும்? "அவ்வளவுதான்க்கா!" என்று ஒன்றும் தெரியாத பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். கண்ணாத்தாளும் குழித் தண்ணீரைக் கசப்பாக்கி அனுப்பினாள்.

தவசி விடுவானா? மறுநாள் மத்தியானமே அவளைப் பனைமரத்தடிக்குக் கூட்டிப் போனான். சரசரவென்று உச்சிக்கு ஏறினான். ஒரு பானையில் தான் குடித்தது போக மிச்சத்தை மேலிருந்து சாய்த்தான். கீழே சடைச்சி வாயை அண்ணாந்து பிளந்துகொண்டு நின்றாள். ஒரு சொட்டு வீணாகவில்லை!

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு முதுகு அரித்தது. அங்கே பிள்ளை இருப்பது மறந்தே போய்விட்டது. மல்லாக்க விழுந்து, புல்லில் சுகமாக உருண்டாள். உருண்டை 'கீச்'சென்று கத்தி, எப்படியோ நசுங்காமல் வெளியே வந்தான். வந்தவன் உறைந்து போனான். எதிரே ஒரு சிறுத்தை!

"அம்மா! சிறுத்தை!"

சடைச்சி தள்ளாடி எழுந்தாள். அவள் கண்ணுக்கு இரண்டு சிறுத்தைகள் தெரிந்தன. "என் பிள்ளைகிட்டயா வர்றே!" என்று உறுமி, ஓங்கி ஓர் அறை விட்டாள். ஐயோ பாவம், இல்லாத சிறுத்தைக்கு விழுந்தது அந்த அறை! அறைந்த வேகத்தில் அவளே குப்புற விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. உருண்டை பனைமரத்தில் பற்றி ஏறுவதையும், சிறுத்தை அவன் காலுக்குக் கீழே நகத்தை ஊன்றுவதையும் படுத்தபடியே பார்த்தாள். கத்தினாள். குரல்கூடக் குழறியது.

மரத்து உச்சியில் தவசிக்கு உதறல் எடுத்தது. அடுத்துக் குடிக்க அவிழ்த்து வைத்திருந்த நிறைபானை நழுவியது. டமார்! நேராகச் சிறுத்தையின் மண்டையில் விழுந்து உடைந்தது. கண்ணெல்லாம் கள். எரிச்சல் தாங்காமல் சிறுத்தை ஓட்டம் பிடித்தது.

"பார்த்தீங்களா அக்கா, நான்தான் காப்பாத்தினேன்!" என்றான் தவசி. நாக்குக்கு எலும்பா இருக்கிறது, என்ன வேண்டுமானாலும் பேசும்!

சடைச்சி ஊர்ந்து ஊர்ந்து, மரத்திலிருந்து இறங்கிய மகனிடம் போனாள். "ஏறிக்கோடா, கண்ணு" என்று முதுகைத் தாழ்த்தினாள்.

உருண்டை ஓரடி பின்னால் நகர்ந்தான். "வேண்டாம்மா. நான் நடந்தே வர்றேன்."

அவளுக்கு அந்த நிமிஷமே போதை இறங்கிவிட்டது. வழி நெடுக அந்தச் சின்னக் கால்கள் பின்னால் தத்தித் தத்தி வருவதைக் கேட்கக் கேட்க நெஞ்சு வெடித்தது.

நேரே கண்ணாத்தாளின் மரத்தடிக்குப் போய் நின்றாள்.

"இந்தத் தடவை எதை விடப் போறே?" என்று தேவாங்கு கொட்டாவி விட்டாள்.

"அக்கா, எது என் வயித்துக்குள்ள போனா என் முதுகுல பிள்ளை இருக்கிறது எனக்கு மறந்து போகுமோ, அது எனக்கு வேண்டாம். பூவோ, தண்ணியோ, கள்ளோ, நாளைக்குத் தவசி புதுசா எதைக் கொண்டாந்து நீட்டினாலும் வேண்டாம்! நான் எதையும் ஒளிச்சு வைக்கல."

"அடி என் ராஜாத்தி! இப்பத்தான் வாயைத் திறந்து பேசியிருக்கே!" என்று கண்ணாத்தாள் கண்ணை விரித்தாள்.

மறுநாள் காலை தவசி வழியில் காத்திருந்தான். பக்கத்தில் ஒரு பலாப்பழம். வெடித்து, அழுகி, நுரை தள்ளிக்கொண்டிருந்தது. "பழம்தானே அக்கா! குழந்தைகூடத் தின்னலாம்!"

மணம் குப்பென்று வந்தது. சடைச்சிக்கு எச்சில் ஊறியது. கால்கள் நின்றுவிட்டன. பின்னால் உருண்டையும் நின்றான். மூச்சுவிடாமல் அம்மாவையே பார்த்தான்.

"நீயே தின்னு, தவசி. இன்னைக்கு உனக்குத் தேனும் கிடையாது" என்று சொல்லிவிட்டு அவள் நடையைக் கட்டினாள். தவசி முழுப் பழத்தையும் தனியாகத் தின்றுவிட்டு அன்று பூராவும் சேற்றில் கிடந்தான்.

அந்திக்கு அவள், உருண்டை பின்னாலேயே நடந்து வர, தேவாங்கிடம் சண்டைக்கே போய்விட்டாள். "உங்க வசியம் பலிக்கலைக்கா! வாய் ஊறிச்சே! கால் நின்னுடுச்சே!"

"தின்னியா?"

"இல்லை."

"அப்புறம் என்னடி? தின்னாம நடந்தியே, அதுதான் பலிச்சது. ஊறின வாய் ஊறட்டும். போ, போ! எனக்கு வேலை கிடக்கு!"

சடைச்சி திகைத்துப் போய்த் திரும்பி நடந்தாள். நாலடி போயிருப்பாள். பின்னங்காலைப் பிடித்து யாரோ ஏறுவது தெரிந்தது. பழக்கமான சின்ன நகங்கள் முதுகு மயிரை இறுகப் பற்றின.

"கால் வலிக்குதும்மா" என்றான் உருண்டை.

சடைச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஓர் அடிகூடத் தள்ளாடாமல், தண்ணீர்க்குடம் சுமப்பவளைப் போல் பார்த்துப் பார்த்து நடந்து குகைக்குப் போனாள்.

தப்பித்துக்கொள்ள ஓர் ஓட்டையை வைத்துக்கொண்டு கெட்ட பழக்கத்தை விடப் பார்ப்பவரை எந்த வசியமும் காப்பாற்றாது; ஒளிக்காமல் முழுமனதோடு விடுகிறவருக்கே எந்த மருந்தும் வேலை செய்யும்.