தண்ணிக்குப் பயந்த ராஜாவும் சாயங்காலத் தண்டோராவும்

முன்னொரு காலத்துல நீர்முனை தேசத்தைப் பெருந்தேவன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தான். மதயானையை அடக்குவான், புலிக்கு முன்னால நெஞ்சை நிமித்தி நிப்பான். ஆனா ஆத்துத் தண்ணியைக் கண்டா மட்டும் ஐயா பத்தடி பின்வாங்கிடுவான். தேசத்துக்கு நடுவுல ஆறு ஓடுது, ராஜாவுக்கு நீச்சல் தெரியாது. இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல?

மாசி மகத்தன்னிக்கு ராஜா ஆத்தை நீந்திக் கடந்து அக்கரை ஜனங்க கையால வெத்தலை வாங்கணும். வாங்கினாத்தான் அக்கரை அவனுக்குச் சொந்தம். அதுதான் அங்க வழக்கம். பெருந்தேவனோ ஜலதோஷம், முழங்கால் வலி, நாள் சரியில்லைன்னு வருஷா வருஷம் தட்டிக் கழிச்சான். அக்கரைக்காரங்களுக்குப் பொறுமை போயிடுச்சு. "இந்த மாசி மகத்துக்கும் வரலேன்னா, பக்கத்து ராஜாவுக்கு வெத்தலை கொடுத்துடுவோம்"னு ஆள் விட்டுச் சொல்லிட்டாங்க.

ராஜா சபையைக் கூட்டினான். அரண்மனை அதிகாரி ஏகாம்பரம் முந்திக்கிட்டான். மந்திரி கார்மேகத்தோட பேரைக் கேட்டாலே அவனுக்கு வயிறு எரியும். "பிரபு, ஒரு மீனவனுக்கு உங்க கிரீடத்தை மாட்டி நீந்த விடலாம். தூரத்துல யாருக்குத் தெரியப் போகுது?"

"வெத்தலை வாங்கக் கிட்டத்துல போகணுமே"ன்னார் மந்திரி. "நீங்களே கத்துக்குங்க, ராஜா. மாசிக்கு இன்னும் நாள் இருக்கு. ஆனா அன்னன்னிக்கு என்ன செஞ்சீங்களோ, அதைச் சாயங்காலம் சந்தையில தண்டோரா போட்டுடணும்."

"என் மானம் போறதுக்கா?"

"சாக்குச் சொல்ற வழி அடைபடறதுக்கு."

முதல் நாள் சாயங்காலம் தண்டோராக்காரன் முத்திருளன் தமுக்கடிச்சான்: "இன்னிக்கு நம்ம ராஜா கணுக்கால் நனைச்சார்." சந்தையே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. மறுநாள் முழங்கால். அப்புறம் இடுப்பு. இன்னொரு நாள், "தண்ணி குடிச்சார், இருமினார், மறுபடி இறங்கினார்." போகப் போக, கத்தரிக்காய் விலை கேக்கறதுக்கு முன்னாடி ராஜா எவ்வளவு தூரம் போனார்னு ஜனங்க கேக்க ஆரம்பிச்சாங்க.

மந்திரிக்கு நல்ல பேர் வந்தா ஏகாம்பரத்துக்குத் தூக்கம் வருமா? முத்திருளனை மிரட்டி, "ராஜா பாதி ஆறு நீந்தினார்"னு சொல்ல வச்சான். அன்னிக்கு ராஜா போனது நாலு முழம். ஆனா சந்தை போட்ட ஆரவாரம் அவன் காதுக்குச் சுகமா இருந்துச்சு. கழுத்து முத்துமாலையைக் கழட்டி ஏகாம்பரத்துக்குப் போட்டான். மறுநாள் ஆத்துப் பக்கமே போகலை. தண்டோரா மட்டும் தினம் கொஞ்சம் கூடுதலா நீந்திச்சு.

மந்திரி சண்டைக்குப் போகலை. முத்திருளனைக் கூப்பிட்டு ஒரு வரி சேக்கச் சொன்னார். சாயங்காலம் ஊரே கேட்டுச்சு: "ராஜா முக்கால் ஆறு நீந்தினார். ஏகாம்பரம் அவரையும் முந்தி அக்கரையைத் தொட்டுட்டார்."

விடிஞ்சதும் ராஜா ஏகாம்பரத்தை ஆத்தங்கரைக்கு வரவழைச்சான். "என்னையே முந்தினியாமே. எங்கே, இறங்கிக் காட்டு."

ஏகாம்பரம் ராஜா கால்ல விழுந்தான். "பிரபு, எனக்கு நீச்சலே தெரியாது. தண்டோரா பொய்."

"உன்னைப் பத்திச் சொன்னது பொய்னா, என்னைப் பத்திச் சொன்னது?"

ராஜாவுக்குத் தன் மேலேயே கோவம் வந்துச்சு, வெக்கமாவும் இருந்துச்சு. "மாலையைக் கழட்டி மந்திரிக்குப் போடு"ன்னு சொல்லிட்டுத் தண்ணியில இறங்கினான். அன்னிக்குத் தண்டோரா, "இத்தனை நாள் சொன்னது பொய். ராஜா இன்னிக்குத்தான் மறுபடி இறங்கினார். ஆறு முழம்." சந்தையில ஒருத்தரும் சிரிக்கலை.

அதுக்கப்புறம் ராஜா ஒரு நாள்கூட விடாம நீந்திப் பழகினான். மாசி மகம் வந்துச்சு. ராஜா குதிச்சான். பின்னாலேயே பரிசல்ல மந்திரியும் முத்திருளனும். நடு ஆத்தைத் தாண்டி, கால் ஆறு பாக்கி இருக்கும்போது கை ஓஞ்சு போச்சு. பரிசலோட பின்பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கரை சேர்ந்தான். பரிசல் மறைச்சதால யாருக்கும் தெரியலை. அக்கரை நாட்டாமை சடையப்பர் வெத்தலையை நீட்டினார்.

ராஜா கையை நீட்டலை. தமுக்கை வாங்கித் தானே அடிச்சான். "இன்னிக்கு ராஜா முக்கால் ஆறு நீந்தினார். மீதிக்குப் பரிசலைப் பிடிச்சுக்கிட்டார். வெத்தலை வாங்க அவருக்கு உரிமை இல்லை."

சடையப்பர் கிட்ட வந்தார். "உங்க அப்பா வந்தாரு, வாங்கினாரு, போனாரு. அவர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியாது. நீங்க நீந்தின ஒவ்வொரு முழமும் தெரியும், சந்தைக்குப் போற எங்க ஆளுங்க தினம் வந்து சொன்னாங்க. நீங்கதான் எங்க ராஜா." வெத்தலையைக் கையில வச்சு அழுத்தினார். "மீதியை நாளைக்கு நீந்துங்க."

ராஜா மூச்சு வாங்க உக்காந்திருந்தான். மந்திரி பரிசலை இழுத்து வந்து, "ஏறுங்க"ன்னார்.

"நாளைக்கு, நாளைக்குன்னுதானே இத்தனை வருஷம் போச்சு"ன்னு சொல்லிட்டு, வெத்தலை நனையாம இருக்க மந்திரிகிட்ட கொடுத்துட்டு, மீதியை நீந்த ராஜா தண்ணியில இறங்கினான்.