கைப்பிடிக்குக் கீழே விட்ட இடம்

"அந்த ஒரு இடத்த மட்டும் தேய்க்காம விட்டுறலாமுங் அம்மணி," என்றார் நாச்சிமுத்து.

கோகிலா லைட்டைத் தூக்கிப் பிடித்தாள்.

கறுப்புக் கார். பின்கதவின் கைப்பிடிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் கீறலும் மங்கலுமாகக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவு.

"ஏனுங்ண்ணா?"

"சின்ன இடந்தானுங். மேலயே கோட்டிங் போட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"நமக்குத் தெரியுமே."



நாச்சிமுத்துவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தே காலத்தை ஓட்டியவர். கோகிலாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் சங்ககிரி ரோட்டோரம், கார்களுக்குப் பாலிஷும் கோட்டிங்கும் போடும் அந்தத் தகரக் கொட்டகையில் அவள்தான் குரு.

வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் ஒன்றைத்தான் சொல்வாள். கண்ணாடி மாதிரி இறுகிவிடும் இந்தக் கோட்டிங் நல்லது கெட்டது பார்க்காது. அடியில் என்ன இருக்கிறதோ, அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும்.

எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்ட என்ன கஷ்டம்?

"பயமா இருக்குதுங்," என்றார் நாச்சிமுத்து கடைசியில்.

"என்ன பயம்?"

"பாலிஷ் போட்டு, ஸ்பிரிட்டுல தொடச்சதும், இதுல ஆள் தெரியறாங்க."

கோகிலா சிரிக்கவில்லை. "யாரு?"

"பானெட்டுல எங்கம்மா. அவங்க போய்ச் சேந்து வருசம் பல ஆச்சு. எம் பொறகால நின்னு எட்டிப் பாக்கறாங்க. திரும்பினா யாருமில்லீங். முன்கதவுல மாரப்பன். எங்கூடப் பெயிண்ட் அடிச்சவன், லாரி மேலருந்து உழுந்து செத்தானே, அவன். அதே பனியனோட நிக்கறானுங்."

"உசுரோட இருக்கறவங்க?"

"நீங்களும் நானுந்தான் தெரியறோம். மத்ததெல்லாம் செத்தவங்க."

மதிய வெயிலில் தகரம் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப நல்லாத்தான் தேச்சிருக்கீங்க," என்றாள் கோகிலா. "எங்கப்பா டிக்கியில தெரிவாரு. எந்தக் கறுப்பு வண்டி வந்தாலும். வெத்தல மென்னுட்டே."

பிறகு கேட்டாள்: "மிச்சம் யாரு?"

"எங்க ஆளுக எல்லாரும் வந்தாச்சுங். ஒருத்தனத் தவர."

அந்த ஒருத்தன் யாரென்று அவளுக்குத் தெரியும். அவருடைய மகன் கிருபா. போர்வெல் வண்டியோடு வடக்கே போனவன். வண்டி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. வழியில் இறங்கிக்கொண்டான் என்றார்கள் கூடப் போனவர்கள். எந்த ஊரில் என்று கேட்டதற்கு ஆளுக்கு ஓர் ஊர் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அவன் அம்மா சரசு, ராத்திரி அவனுக்கென்று ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைக்கிறாள். அவன் வந்து தின்ற பிறகுதான் அவள் தின்பாளாம். விடிந்ததும் அதே சோற்றில் ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். ஆள் பாதியாகிவிட்டாள்.

"இந்த எடத்துல அவன் இருந்துட்டான்னா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"இருந்தா, நீங்க தேய்க்காட்டியும் இருப்பான்."

கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டினார்.

"காலையில வண்டி போயிரும். கோட்டிங் போட்டுட்டா அப்புறம் இந்த எடத்தத் தொட முடியாது," என்றாள். பாலிஷ் மிஷினை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஷட்டரை இறக்கினாள்.

அவர் தேய்த்தார்.

பாதிக் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். மிஷினை நிறுத்தினார். பாலிஷைத் துணியால் வழித்தார். கண்ணைத் திறந்தார்.

அவர் முகம். பின்னால் ஷட்டர். பக்கத்தில் கோகிலா. வேறு யாரும் இல்லை.

"இல்லீங் அம்மணி! அவன் இல்லீங்!"

சிரித்தார். சிரிப்பிலேயே அழுதார். "எங்கயோ உசுரோட இருக்கறானுங்! சரசுகிட்டச் சொல்லோணும்!" என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

கோகிலா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எண்ணெய எடுக்கலீங்ண்ணா."

பாலிஷில் எண்ணெய் உண்டு. அது கீறலுக்குள் போய் நிறைந்துகொண்டு, எல்லாம் போய்விட்ட மாதிரிக் காட்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால்தான் உள்ளது தெரியும். இது நாச்சிமுத்து முதல் நாளே கற்ற பாடம். பானெட்டையும் முன்கதவையும் அவரே அப்படித்தான் துடைத்தார். இங்கே மறந்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன்.

"வேண்டாமுங்," என்றார். "இப்படியே போட்டுறலாம். உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்."

கோகிலா ஸ்டூலை இழுத்து அவர் முன்னால் போட்டாள். அதன்மேல் ஸ்பிரிட் பாட்டிலை வைத்தாள். அதன் பக்கத்திலேயே கோட்டிங் பாட்டிலையும் வைத்தாள்.

பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

நாச்சிமுத்து வெகுநேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். கை கோட்டிங் பாட்டில் வரை போயிற்று. அப்போது சரசுவின் வளையல் ஞாபகம் வந்தது. காலையில் அவள் தண்ணீர்க்குடத்தைத் தலைக்குத் தூக்கியபோது, அது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சரிந்து ஓடியது.

ஸ்பிரிட்டை எடுத்தார்.

ஒரே துடைப்பு.

கிருபா அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தான். காது வரைக்கும் ஈர மண் அப்பியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் நெடுநேரம் காத்திருந்தவன் மாதிரி அப்பாவைப் பார்த்தான்.

நாச்சிமுத்து திரும்பவில்லை. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கதவைப் பார்த்தபடியே போனைக் காதில் வைத்தார்.

"சரசு."

"சொல்லுங். சாப்டீங்களா?"

"இன்னிக்கு அவனுக்குத் தட்டு எடுத்து வெக்காத."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் நேரத்துலயே வாறேன். நாம ரெண்டு பேரும் உக்காந்து சாப்புடுவோம்."