பொரி மூட்டைக்கு உடைந்த அச்சு

"பூவராகனை இன்னைக்கே மலையை விட்டு இறக்கிடணும்மா" என்றார் சிங்காரவேலு.

சிங்காரவேலு கடையை மகன்களிடம் விட்டுவிட்டு மலைமேல் ஆசிரமத்துக்குச் சீடராக வந்தவர். குரு குழந்தையம்மாள் அவரைவிட வயதில் சின்னவர்.

"என்ன செஞ்சான்?"

"மூட்டை ஏத்துற ராட்டினத்தோட அச்சை நேத்து உடைச்சுட்டான். அரிசி மூட்டைன்னாலும் பரவாயில்லை. பொரி மூட்டை. பொரிக்கு இரும்பை உடைச்சவனை நான் பார்த்ததே இல்லை."

குரு வாசலைப் பார்த்தார்.

"யார் கையில் உடையுதோ அவங்க இறங்கணும். இங்க வழக்கம் அதுதானே?"

"அதுதான்."

ஆசிரமத்தில் மூட்டை ஏற்றும் பூவராகன் வாசலில் தலைகுனிந்து நின்றான். கீழே போனால் அவனுக்கு வீடு கிடையாது.

"உடைஞ்சதை எடுத்துட்டு வாங்க."

மணிக்கட்டுப் பருமனில் ஒரு துண்டு வந்தது. குரு அதன் முறிந்த முகத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். வெளிச்சத்தில் திருப்பினார்.

"இதில் எது நேத்து உடைஞ்சது?"

"முழுசும்தான்."

"பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தார். முக்கால்வாசிக்கு மேல் வழவழவென்று கறுத்திருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும், கட்டைவிரல் நகமளவு, உடைத்த கற்கண்டு போல வெள்ளையாக மினுங்கியது.

"கறுப்புல துரு ஏறியிருக்கு. இது முன்னாடியே விரிசல் விட்டது."

"அப்போ நேத்து வரைக்கும் மூட்டையைத் தூக்கினது எது?"

சிங்காரவேலு அந்த வெள்ளையில் விரலை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார்.

குரு அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இவ்வளவுதான் மிச்சம். இதுதான் நமக்கெல்லாம் சோறு போட்டிருக்கு."

கறுப்பில் மெல்லிய வரிகள் தெரிந்தன. குளத்தில் கல் விழுந்தால் விரியும் வட்டங்கள் போல, ஒன்றையடுத்து ஒன்று.

"இந்த வட்டமெல்லாம் எங்கேயிருந்து கிளம்புது? கல் எங்கே விழுந்தது?"

சிங்காரவேலு நகத்தால் வரிகளைப் பின்தொடர்ந்தார். வட்டங்கள் சிறுத்துக்கொண்டே போய் விளிம்பில் முடிந்தன. விரிசல் தொடங்கிய அந்த இடத்தில் ஓர் உளி வெட்டு. ஓர் எழுத்தின் கால்.

அச்சை வாங்கிக் கொடுத்த அன்று, 'உபயம் சிங்காரவேலு' என்று அவரே பக்கத்தில் நின்று வெட்டச் சொன்னது. ஆழமாக வெட்டச் சொன்னது. கொடுக்கிறவர்களுக்கு விசிறி இறக்கையில்கூடப் பெயர் வேண்டும்.

சிங்காரவேலு துண்டைக் கீழே வைத்தார்.

"இறங்க வேண்டியவன் நான்தாம்மா."

"இறங்குங்க. கீழே புது அச்சு வாங்கி, தூக்கிட்டு வரணும்."

பிறகு குரு வாசல் பக்கம் திரும்பினார்.

"பூவராகா, நீயும் கூடப் போ. ஐயாவால் தனியாத் தூக்க முடியாது."