மந்தி மறைத்த வாடை

மூங்கில் காட்டுக் குளத்தின் கரையில் ஒரு கரடி வைத்தியர் இருந்தார். அவரிடம் செங்கமலம் என்ற மந்தி நர்ஸாக இருந்தாள். காயம் பட்டு வரும் விலங்குகளுக்கு ஆறு வருடமாக அவள்தான் கட்டுப் போட்டு வந்தாள். தன்னைக் கேட்காமல் அங்கே ஒரு இலைகூட அசையாது என்பது அவளுடைய நினைப்பு.

அந்தக் கோடையில் பூவரசி என்ற கீரி புது நர்ஸாக வந்து சேர்ந்தாள். மூன்றாம் நாளே அவள் போட்ட கட்டைப் பார்த்து, "கட்டுன்னா இதுதான் கட்டு!" என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆறு வருடத்தில் செங்கமலத்தின் காதில் ஒரு முறைகூட விழாத வார்த்தை அது. அன்று அவளுக்கு ஒரு பழம்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. அதன்பிறகு பூவரசி சிரித்தால் குற்றம், சும்மா இருந்தால் அதைவிடக் குற்றம்.

அப்போதுதான் பவளம் என்ற இளம் புள்ளிமான் பின்னங்காலில் முள் ஏறி நொண்டிக்கொண்டு வந்தாள். குளம் வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் எட்டு நாளில் மான் கூட்டம் மேல்காட்டுக்குப் புறப்பட இருந்தது. நடக்க முடியாத மானைக் கூட்டம் விட்டுவிட்டுத்தான் போகும். தனியாக நிற்கும் மானைச் செந்நாய்கள் சும்மா விடாது.

"எப்படியாவது என்னை நடக்க வச்சிருங்கய்யா," என்று பவளம் அழுதாள்.

வைத்தியர் முள்ளைப் பிடுங்கினார். காயம் நிறையத் தேன் ஊற்றி, தேக்கிலை வைத்துக் கட்டினார். "ஏழு நாளைக்கு யாரும் கட்டைப் பிரிக்கக் கூடாது," என்றார்.

தினமும் காலையில் கட்டைப் பார்த்து வருவது செங்கமலத்தின் வேலை. மூன்றாம் நாள் அவள் குனிந்தபோது, தேன் வாசனைக்கு அடியிலிருந்து லேசாக அழுகல் வாடை வந்தது. வைத்தியரிடம் சொல்லத்தான் ஓடினாள். அதற்குள், பவளத்துக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்த பூவரசி அவர் முன்னால் போய் நின்றிருந்தாள்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. பவளத்தோட காயத்துல வாடை வருது. முள்ளு முனை உள்ள ஒடிஞ்சு கிடக்கும் போல. இன்னிக்கே பிரிச்சுப் பார்த்துடலாமா?"

வைத்தியரின் முகம் சுருங்கியது. "நேத்து வந்தவ, என் கட்டைப் பிரிக்கச் சொல்றியா?" என்றார். ஆனாலும் எழுந்து போய் முகர்ந்து பார்த்தார். தேன் என்றால் உயிரை விடும் அவர் மூக்குக்குத் தேனைத் தவிர வேறெதுவும் எட்டவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல. செங்கமலம், நீ ஆறு வருஷமா காயம் பார்க்கிறவ. இருக்குன்னு நீ சொன்னா இப்பவே பிரிச்சுடறேன்."

செங்கமலத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆமாம் என்றால் பேரெல்லாம் அந்தக் கீரிக்குப் போய்விடும். இன்னும் ஒரு நாள் கழித்துத் தானே கண்டுபிடித்தது போலச் சொன்னால் என்ன?

"ஒரு வாடையும் இல்லைய்யா," என்றாள். "புதுசா வந்தவங்க எதையாவது சொல்லிப் பேர் வாங்கப் பார்ப்பாங்க."

"அக்கா, இன்னொரு தடவை மோந்து பாருங்க. அந்தப் பொண்ணு உயிர் விஷயம்," என்று கெஞ்சினாள் பூவரசி.

"என் மூக்குக்கு நீ பாடம் எடுக்கிறியா?"

வைத்தியர் செங்கமலத்தை நம்பினார். இனிப் பவளத்தின் பக்கம் போகக் கூடாது என்று பூவரசியை இலை பறிக்க அனுப்பிவிட்டார். அன்று செங்கமலம் வயிறு நிறையச் சாப்பிட்டாள். மறுநாள் சொல்ல வாயெடுத்தாள். நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயந்து மென்று விழுங்கினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே போயிற்று.

ஆறாம் நாள் பவளத்துக்குக் காய்ச்சல் கொதித்தது. பதறிக்கொண்டு கட்டைப் பிரித்தார்கள். சீழுக்குள்ளே முள் முனை கிடந்தது. பூவரசி விடாமல் கழுவிக் கழுவி உயிரைக் காப்பாற்றினாள். காலைக் காப்பாற்ற முடியவில்லை.

"நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்மா. தப்பு என்னோடது," என்று வைத்தியர் பூவரசியிடம் சொன்னார். செங்கமலம் பிரித்துப் போட்ட தேக்கிலைகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எட்டாம் நாள் மான் கூட்டம் புறப்பட்டது. பவளத்தின் தாய் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கூட்டம் கண்ணுக்கு மறைந்ததும், பவளம் மூன்று காலால் தத்தி வந்து செங்கமலத்தின் மேல் சாய்ந்துகொண்டாள்.

"நீங்கதான் அக்கா தினமும் வந்து என் காலைப் பார்த்தீங்க. இனி உங்களை நம்பித்தான் இருக்கணும்," என்றாள்.

அவள் திட்டியிருந்தால்கூடச் செங்கமலம் தாங்கியிருப்பாள்.

அடுத்தவருக்குப் பெயர் கிடைத்துவிடுமே என்று உண்மையை மறைத்தால், அதன் தண்டனை ஒரு பாவமும் அறியாதவர் தலையில் விழும்.