தலைக்கு மேலே சுகந்தினி

"ரீச்சர், நிப்பாட்டவா? இல்லை, இன்னும் ஒரு வருசம் ஆடவா?"

சறுக்கு அரங்கின் ஐஸில் நின்று கிருபன் கேட்டான். தடுப்புக்கு அந்தப் பக்கம், அவனுக்குச் சறுக்கப் பழக்கிய மங்களா ரீச்சர். சறுக்குச் சப்பாத்தின் கத்திகளுக்குப் போடும் ரப்பர் உறைகள் அவர் கையில் இருந்தன. ஆடுகிறவர்கள் ஐஸில் இறங்கும்போது அவற்றைக் கழற்றி அவரிடம் கொடுப்பார்கள். ஆடி முடித்து வெளியே வரும்போது கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள்.

"ஆருக்குப் பயம்?" என்றார் ரீச்சர்.

கேட்டது ஒன்று, வருவது வேறொன்று. இந்த மனுசி எப்போதும் இப்படித்தான்.

"எனக்குத்தான்."

கிருபனும் அவன் மனைவி சுகந்தினியும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஜோடியாக ஆடுகிறவர்கள். வேகமாகச் சறுக்கிக்கொண்டே அவளை ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பான். அவள் மேலே கைகளை விரித்துச் சிரிப்பாள். கீழே இரும்பு மாதிரி ஐஸ்.

"போன கிழமை தூக்கிக்கொண்டு போகேக்க தோள் மரத்துப் போச்சு. கை இருக்கோ இல்லையோ எண்டே தெரியேல்லை. அவள் மேல சிரிச்சுக்கொண்டிருக்கிறாள். விட்டிருந்தால் அவளின்ர தலைதான் முதல்ல ஐஸில அடிச்சிருக்கும். எனக்கு நித்திரையே இல்லை, ரீச்சர்."

"அவளிட்டச் சொன்னனியோ?"

"ஐயோ, எப்பிடிச் சொல்லுறது? வாற மாசப் போட்டியிலதான் அவளின்ர உயிரே கிடக்கு."

"தூக்க ஏலுதோ?"

"அதுதான் விளங்கேல்லை. முந்தியை விட லேசாப் போறாள். சாப்பாட்டைக் குறைச்சிட்டாளோ தெரியாது. அதாலதான் யோசிக்கிறன், இன்னும் ஒரு வருசம் பாப்பமோ எண்டு."



அடுத்த நாள் காலை ரீச்சர் இருவரையும் தடுப்புக்குக் கிட்ட ஐஸில் நிறுத்தினார்.

தூக்கும்போது பெண்ணும் கொஞ்சம் துள்ளிக் கொடுப்பது வழக்கம்.

"சுகந்தினி, முந்தித் துள்ளின அளவுக்குத் துள்ளு. அதுக்கு மேல வேண்டாம். நிண்ட இடத்திலேயே தூக்கட்டும்."

சுகந்தினியின் முகம் வெளிறியது.

"வேண்டாம், ரீச்சர்."

"துள்ளு."

துள்ளினாள். கிருபன் தூக்கினான்.

நெஞ்சளவுக்கு வந்தாள். அங்கேயே நின்றாள். அவன் கை வெடவெடவென்று நடுங்கியது. மற்றக் கையால் அவளை இறுக்கி அணைத்து, ஒருமாதிரி இறக்கிவிட்டான்.

"என்னப்பா, ஏன் இவ்வளவு பாரம்?"



"அவளின்ர முழங்காலைப் பார்," என்றார் ரீச்சர்.

கிருபன் ஐஸில் மண்டியிட்டான். காலுறைக்கு மேலாகத் தொட்டான். முழங்கால் வீங்கிக் கொதித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்ர தோள் ஏலாமப் போனது உனக்கு முந்தியே தெரியுமோ?"

"உங்கட கை நடுங்கினது அதுக்கு மேல இருக்கிற எனக்குத் தெரியாதே? நான் கொஞ்சம் கூடுதலாத் துள்ளினால் உங்கட தோள் தாங்கும் எண்டு நினைச்சன்."

"பயமில்லையோ உனக்கு?"

"ஒவ்வொரு நாளும் செத்துச் செத்துத்தான் ஏறினனான்."

சட்டென்று ரீச்சர் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தாலும் குரலில் கோபம் இருந்தது.

"ஏன் ரீச்சர் என்னைக் காட்டிக் குடுத்தனீங்கள்?"



மண்டியிட்டபடியே கிருபன் தடுப்பை நோக்கிக் கையை நீட்டினான்.

"உறையைத் தாங்கோ, ரீச்சர். முதல்ல அவளின்ரயை."